இரண்டு மணிக்குத் திறந்த டப்பா

மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ யாரென்று எனக்குத் தெரியாது. கோடை விடுமுறை முழுக்கப் பள்ளிக்கூடக் கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக மதியச் சாப்பாடு போடுகிறோமே, அங்கே கரண்டி பிடிப்பவள் நான். பிள்ளைகளுக்கு நான் கரண்டிப் பெரியம்மா. உன் மகள் பத்து நாளாக வருகிறாள். ஒன்பது வயதுதான், ஆனால் நேற்று என்னிடமே, "பருப்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய மனுஷி என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்று அவள் எழுந்து போகும்போது கவுன் பையிலிருந்து அவித்த முட்டை ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது. இங்கே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது. மேற்பார்வையாளர் வாசலில் கண்கொத்திப் பாம்பாக நிற்பார். பார்த்தால் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார். நல்ல வேளை, அவர் போனில் இருந்தார். துடைக்கிற துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

"யாருக்குடி இது?" என்றேன். "எனக்குத்தான், சாயங்காலம் பசிக்கும்" என்றாள். பொய் சொல்லும்போது கழுத்தில் தொங்கும் சாவியைப் பிடித்துக்கொள்கிறாள்.

வீட்டில் இன்னொரு வாய் இருக்கிறதா? இருந்தால் என் சொந்த டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன். இன்று இதில் சோறும் முட்டையும் வைத்திருக்கிறேன். டப்பாவைக் கழுவி அனுப்பு, பதிலையும் அதற்குள்ளேயே வை. பந்தி முடிந்து, எல்லாரும் போய், பாத்திரம் கழுவிய பிறகு, இரண்டு மணிக்குத்தான் திறப்பேன். அதற்கு முன்னால் திறந்தால் பத்துக் கண் பார்க்கும்.

இப்படிக்கு,
கரண்டிப் பெரியம்மா


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை திருடியதாக நினைக்காதீர்கள். தம்பிக்காக எடுத்திருக்கிறாள்.

சின்னவனுக்கு நாலு வயது. படிக்கட்டில் விழுந்து கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க அவளால் முடியாது. நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வேலை பார்க்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. பகலெல்லாம் அவள்தான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பிட வரும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறாள். பூட்டாவிட்டால் ஊர்ந்தே படிக்கட்டுக்கு வந்துவிடுவான்.

போன வருஷம் யாரோ சொல்லி, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள். "இன்னொரு தடவை தனியா விட்டீங்கன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவோம்" என்றார்கள். அன்றிலிருந்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லீவு கேட்டால் வேலை போய்விடும். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முட்டை முழுவதையும் அவனே சாப்பிட்டான்.

இப்படிக்கு,
பெரிய மனுஷியின் அம்மா


மே 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். இதை எழுதியே கொடுக்கிறேன், போதுமா?

ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் பூட்டுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. இன்று பந்தியில் நூற்றிருபது பிள்ளைகள். அத்தனை சத்தத்திலும் பூட்டிய அறையில் ஒரு பிள்ளை அழுகிற மாதிரியே காதில் கேட்கிறது. உன் மகளோ நிதானமாக மோரை உறிஞ்சுகிறாள். "சீக்கிரம் சாப்பிட்டுப் போடி" என்று அதட்டினேன். "ஏன் பெரியம்மா விரட்டுறீங்க, நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசா வாங்குறீங்க?" என்கிறாள்.

எனக்கு ஒரு சாவி கொடு. அவள் இங்கே சாப்பிடுகிற அந்த ஒரு மணி நேரம் நான் போய் அவனோடு உட்கார்ந்திருக்கிறேன். பரிமாற இங்கே இன்னொருத்தி இருக்கிறாள். அந்த மாவுக்கட்டு மகாராஜாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

கரண்டிப் பெரியம்மா


மே 9

அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். சாவி மட்டும் வேண்டாம். உங்களைச் சந்தேகப்படவில்லை. நீங்கள் வருவதை யாராவது பார்த்து, "பிள்ளை தனியா இருக்கா?" என்று கேட்டால் என்ன செய்வது? இந்த மூன்று வாரம் ஓடிவிடட்டும். சோறு மட்டும் முடிந்தால் கொடுத்தனுப்புங்கள்.

பெ. மனுஷியின் அம்மா


மே 14, காலை ஐந்து மணி

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மதியம் சின்னவன் அலமாரியைப் பிடித்து நின்று தீப்பெட்டியை எடுத்து உரசியிருக்கிறான். போர்வை பற்றிக்கொண்டது. பெரியவள் அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ராத்திரி முழுக்க அவன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. யாராவது பார்த்தால் பார்க்கட்டும். மாற்றுச் சாவியையும் வீட்டு விலாசத்தையும் இந்த டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் அவன் உங்கள் பொறுப்பு. பெரியவளிடம் சொல்லவில்லை, வரிசையில் நின்று உளறிவிடுவாள்.

கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் தயங்கிவிட்டேன்.

உங்கள் தங்கை


மே 14, மாலை

தங்கச்சி,

இனி இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை.

பெரிய மனுஷி இன்று பதினொன்றரைக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, "பெரியம்மா, தம்பி நேத்து போர்வையைக் கொளுத்திட்டான், நான்தான் அணைச்சேன்" என்று பெருமையாகச் சொன்னாள். "இன்னைக்கும் பூட்டிட்டா வந்தே?" என்றேன். "ஆமா" என்றாள். டப்பாவை அடுப்படி மூலையில் வைத்துவிட்டு நேராக மேற்பார்வையாளரிடம் போய், பிள்ளை உள்ளே பூட்டிக் கிடப்பதைச் சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே நின்று போன் போட்டார். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்து, வீட்டைக் காட்டச் சொல்லிப் பெரிய மனுஷியை அழைத்துக்கொண்டு போனார்கள்.

எழுதிக் கொடுத்த நானே சொல்லிவிட்டேன். சின்னவன் நல்லதற்குத்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வழக்கம்போல இரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். சாவி கழுவுகிற தொட்டிக்குள் விழுந்தது. நான் இரண்டு மணிக்குத்தான் திறப்பேன் என்பது அந்தப் பதற்றத்தில் உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. ஈரக் கையோடு ஓடினேன்.

உன் கதவுக்கு முன்னால் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். உன் மகள் தன் சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். பூட்டை உடைக்க ஆளுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். நான்தான் திறந்தேன். சின்னவன் பாயில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, "முட்டை கொண்டாந்தீங்களா?" என்றான். வெறுங்கையோடு போயிருந்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் உன் மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு பேரையும் அலுவலகத்து விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு முடிவு சொல்வார்களாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். அவர்கள் வருவதற்கு முன்பே நீ எனக்குச் சாவி கொடுத்தாய். உன் கடிதத்தில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. அதை நாளை அவர்கள் மேஜையில் வைக்கப் போகிறேன். டப்பா விஷயமும் வெளியே வரும், என் வேலை போகும். போகட்டும். நாள் முழுக்க அவனோடு உட்கார ஆள் கிடைத்ததென்று அவர்களிடமே சொல்கிறேன். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கே அலுவலக வாசலில் நிற்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காதே, ஆனால் வந்துவிடு.

நீ வேலையிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உன் கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன்னை நேருக்கு நேர் பார்க்கத் தைரியமில்லை, போய்விடுவேன். சாவி என் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில்தான் தள்ளப் போகிறேன்.

கரண்டிப் பெரியம்மா