ஏழு வீட்டுக்கு ஒரு கூப்பன்

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நேற்று உன் மகள் வந்திருந்தாள். பழநிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆயக்குடியில் கொய்யா வாங்கி, எனக்கும் ஒரு பை கொண்டுவந்தாள். பையைப் பிரித்ததும் வீடெல்லாம் அந்த வாசனை. எனக்கு உடனே உன் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாடகம் கேட்க நாங்கள் வந்து உட்கார்ந்ததும் கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நடுவில் வைப்பாய். ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது என்று இருக்காது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

நீ இருந்தவரை இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. கல்யாணமாகி குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து, அந்தச் சந்தில் குடியேறிய நாளிலிருந்தே பொறாமை. சந்தில் இருந்த ஏழு வீட்டில் ரேடியோ இருந்தது உன் வீட்டில் மட்டும்தான். ஏழு வீட்டுக்கும் பொதுவாக வாங்கிய வாரப் பத்திரிகையும் முதலில் உன் வீட்டில்தான் இறங்கும். வீட்டுக்கு ஒரு நாள் இருந்து, கடைசி வீடான என் வீட்டுக்கு வரும்போது அட்டை கிழிந்து, பக்கத்துக்குப் பக்கம் குழம்பும் வெஞ்சனமுமாகக் கறை படிந்திருக்கும்.

வருடக் கடைசியில் அந்தப் பத்திரிகை ஒரு கூப்பன் போடும். வானொலியில் வந்த நாடகங்களில் எது சிறந்தது, ஏன் என்று இரண்டு வரி எழுதி, பெயரும் ஊரும் போட்டு அனுப்ப வேண்டும். நல்ல காரணத்தை அச்சில் போடுவார்கள். கூப்பனின் பின்பக்கம் தொடர்கதை ஓடும். நறுக்கினால் கதையில் ஒரு சதுரம் போய்விடும். அந்தச் சதுரத்தில் என்ன நடந்தது என்று நீதான் எனக்குச் சொல்லுவாய். கதாநாயகி வீட்டைவிட்டுப் போனதைக்கூட உன் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கூப்பன் ஒன்று, வீடு ஏழு. அதனால் ஏழு பேரும் உன் வீட்டில் கூடிப் பேசுவோம், கை தூக்குவோம். எந்த நாடகம் ஜெயிக்கிறதோ அதற்காகப் பேசியவள்தான் எழுதி அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வருடமும் நீதான் ஜெயித்தாய். இரண்டாம் வருடம் உன் பெயர் அச்சில் வந்தது. சந்தே உன்னைக் கொண்டாடியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வருடம் நீ பார்வை இல்லாத அக்கா நாடகத்துக்காகப் பேசினாய். நான் ரயிலைத் தவறவிட்ட மாப்பிள்ளை நாடகத்துக்காக நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அக்கா நாடகம் கேட்டு உன்னைவிட அதிகம் அழுதவள் நான்தான். நீ முதலில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாய், அதனால் எனக்கு அது ஆகாமல் போனது. குழாயடியில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, "ரேடியோ வச்சிருக்கவ சொல்றதுக்கெல்லாம் நாம தலையாட்டணுமாக்கும்?" என்று ஓதினேன். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பெண்களிடம் எதைச் சொன்னாலும் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலில் பூசை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தாய்.

"மாப்பிள்ள நாடகத்துல என்னடி இருக்கு? சும்மா சிரிப்புதான?" என்றாய்.

"சிரிக்க வைக்கிறது லேசா? எங்க, நீ ஒருக்கா சிரிக்க வை பாப்போம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ மெதுவாகச் சொன்னாய். "அழுங்கன்னு அக்கா நாடகம் நம்மகிட்ட கேக்கவே இல்ல. அதான் அழுதோம்."

இவளுக்கு மட்டும் எப்படி இப்படி வருகிறது என்று எனக்கு இருந்தது. ஆனால் கைகள் குழாயடியிலேயே முடிவாகிவிட்டன. எனக்கு நாலு, உனக்கு மூன்று. நீயே கத்தரியை எடுத்து, ஓரம் பிசகாமல் கூப்பனை நறுக்கி என் கையில் கொடுத்தாய்.

வீட்டில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். காரணம் என்று ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் ஆகியும் வரவில்லை. நாலாம் நாள் எழுதினேன். "சிரியுங்கள் என்று இந்த நாடகம் நம்மிடம் கேட்கவே இல்லை. அதனால்தான் சிரித்தோம்." அழுததைச் சிரித்ததாக மாற்றியது மட்டும்தான் என் வேலை. கீழே என் பெயர், திண்டுக்கல்.

அது அச்சில் வந்தது.

அந்த வாரம் நீ ஐந்து வீட்டைத் தாண்டி, மடிப்புக் கலையாத பத்திரிகையோடு நேரே என் வீட்டுக்கு வந்தாய். "ஏய் குஜிலியம்பாறை, ஒம் பேரு வந்துருக்குடி. நீயே மொதல்ல வாசி" என்றாய். நான் வாசிக்கும்வரை வாசலிலேயே நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய். "அடுப்புல சோறு கெடக்கு, போறேன்" என்று போய்விட்டாய்.

அது உன் வார்த்தை என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. சண்டை போட்டபோதுகூட அதை இழுக்கவில்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். கேட்காமலே இருந்து நீ பெரியவளாகிவிட்டாய் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

நேற்று உன் மகள் கொய்யாவை நறுக்கிக்கொண்டே டிவி விருது பற்றிப் பேச ஆரம்பித்தாள். சிறந்த தொடருக்கு ஐந்தைப் பரிந்துரைத்திருக்கிறார்களாம், போனிலேயே ஓட்டுப் போடலாமாம். அவள் சொன்ன முதல் தொடரை நான் ஏற்கவில்லை.

"அதுல ஒவ்வொரு மூஞ்சிக்கும் மூணு தடவ இடி இடிக்குது. அழு அழுன்னு கெஞ்சுறான். அதுக்கா விருது?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க இதத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் அத்தை. அழுங்கன்னு கேக்காத நாடகந்தான் நாடகம்னு குஜிலியம்பாறைக்காரி சொல்லுவான்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்துச்சு."

நான் திருடி அச்சில் போட்டது சிரிப்பை. நீ உன் அழுகையையும் தூக்கி என் பெயரிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். பெரிய மனதோடு செய்தாயா, என்றைக்காவது என் காதில் விழட்டும் என்று செய்தாயா? உன்னைத் தெரிந்தவரையில் இரண்டும் இருக்கும்.

"அது நான் சொன்னதில்லம்மா. ஒங்கம்மா சொன்னது. நான் களவாண்டது" என்றேன். சொல்லிவிட்டேன், பார்.

அவள் நம்பவில்லை. "அம்மாவ விட்டுக்குடுக்க மாட்டீங்களே" என்று கொய்யாத் துண்டை என் கையில் வைத்தாள். பிறகு இருவரும் பேசிப் பேசி, இடி இடிக்காத ஒரு தொடருக்கு முடிவு செய்தோம். போனில் காரணம் கேட்டது. அந்த வாக்கியத்தையே அடித்தாள். அடுத்து பெயர் கேட்டது.

"ஒங்க பேரப் போடவா அத்தை?"

"ஒங்கம்மா பேரப் போடு."

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போட்டாள். ஊர் திண்டுக்கல். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வார்த்தை உன்னுடையது, கீழே உன் பெயர். அது அத்தனை பொருத்தமாக இருந்தது. எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது.