இடக்கைக்கு ஒரு துப்பாக்கி

லா சப்பல், பரிஸ்
05.10.2025

அன்புள்ள ஐங்கரனுக்கு,

இது உங்கள் கைக்கு வரும்போது கிளிநொச்சியில் மழை தொடங்கியிருக்கும். நீங்கள் வேலையில் குளத்து மதகுக் கதவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் உங்கள் பக்கத்தில் மாமி இருக்கிறார், என் பக்கத்தில் அம்மா இருக்கிறார். நாங்கள் இருவரும் நால்வருக்காகப் பேசுகிறோம். அதோடு, கேட்டவுடன் ஏதாவது சொல்லியாக வேண்டும். இது உடனே பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான் தியானம் பழகுகிறவள் அல்ல.

சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று அம்மா ஒருமுறை கேட்டார். பரிஸுக்கு வெளியே ஸ்தேனில் ஒரு கழகம், மூச்சை அடக்கி, அசையாமல் இருந்து, ஒரு புள்ளியையே பார்ப்பது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. “நல்லது பிள்ளை, மனம் ஒடுங்கும்” என்று அம்மா சந்தோஷப்பட்டார். அது சம்பந்தம் பேசிய பூரணி அன்ரியிடம் போனது. அவர் வாய்க்குள் போன எதுவும் போன அளவில் திரும்பி வந்ததில்லை. உங்கள் வீட்டை அடைந்தபோது நான் சைவமாகியிருந்தேன், வெள்ளிக்கிழமைகளில் மௌன விரதமும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் முதல் நாளே “நீர் ஆரிட்டைத் தீட்சை எடுத்தனீர்?” என்று கேட்டபோது நான் இருமினேன். அது இருமல் அல்ல. அன்றே சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குச் சீலைக் கரை சரி செய்துகொண்டிருந்தார்.

அது துப்பாக்கி சுடும் கழகம். அதிர்ச்சியடைய வேண்டாம் என்று எழுதி, வெட்டிவிட்டேன். அடைவதும் அடையாததும் உங்கள் உரிமை.

அலுவலகத்தில் ஒருநாள் எங்களை வெளியே கூட்டிப்போய், வில், பந்து, துப்பாக்கி மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத சொல் என்பதால்தான் மூன்றாவதைக் காட்டினேனோ தெரியவில்லை. ஐம்பது மீற்றர் தூரத்தில் குறி வரைந்த ஒரு மட்டை. அதன் நடு வட்டம் சட்டைப் பொத்தான் அளவு. குப்புறப் படுத்து, ஒரு கண்ணால் வளையத்துக்குள்ளே பார்த்தால், துப்பாக்கியின் முனை மெல்ல ஏறி இறங்கும். பயத்தால் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். இல்லையாம், அது என் இதயமாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எல்லாம் நின்றுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. அதற்குள் விரலை மடக்க வேண்டும். எனக்குள் அப்படியோர் இடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதைத் திரும்பவும் பார்க்கலாமா என்றுதான் ஒவ்வொரு சனியும் போகிறேன். மட்டையைத் தவிர வேறெதையும் சுட நான் நினைத்ததில்லை.

இனிக் கேள்வி. எனக்கென்று அளவெடுத்துச் செய்கிற துப்பாக்கி ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா?

விலை என் ஐந்து மாதச் சம்பளம். எனக்குப் பயிற்சி தருகிற ஆனைஸ் கேட்ட மாத்திரத்தில் வேண்டாம் என்றாள். சந்தையில் ஒருவர் பாவித்த நல்ல துப்பாக்கி மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்குமாம். உன் பிழைகளுக்குப் பாவம் துப்பாக்கியைச் சாட்டாதே என்று சிரித்தாள். சொன்னதோடு நிற்காமல், நான் பழகுகிற கழகத்துத் துப்பாக்கியை ஒரு பிடிகருவியில் இறுக்கி, கை படாமல் சுட்டுக் காட்டினாள். குண்டுகள் எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போயின. அதாவது, அந்தப் பழைய இரும்பு இப்போதே என்னைவிட நன்றாகச் சுடுகிறது. இதைவிட நல்ல குழலுக்குக் காசு கொடுப்பது முட்டாள்தனம். அன்றைக்கு நான் ஆசையை விட்டுவிட்டேன்.

ஆனால் ஏன் அது என் கையில் மட்டும் அப்படிச் சுடுவதில்லை என்ற கேள்வி விடவில்லை. புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலேறி, சென்-எத்தியேனுக்குப் பக்கத்தில் துப்பாக்கி செய்கிற பேனாட் என்பவரிடம் போனேன். வாய் ஓயாத மனிதர். தன் துப்பாக்கியால் வென்றவர்களின் படங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார், தோற்றவர்களையும் பெயர் சொல்லி ஏசுகிறார். என்னைப் படுக்கவைத்து, கழுத்து, தோள், முழங்கை, விரல் என்று அளந்தார். கல்யாணச் சட்டைக்குக்கூட இங்கே யாரும் என்னை இவ்வளவு அளந்ததில்லை. பிறகு ஒரு போத்தலைத் தந்து திறக்கச் சொன்னார். திறந்தேன். “நீ இடக்கைக்காரி. யார் உன்னை வலக்கைக்கு மாற்றியது?” என்றார்.

யார் மாற்றுவார்கள்? இடக்கையில் சோறு பிசைந்தால் அம்மா கையைப் பிடித்து மாற்றிவிடுவார். கோயிலில் இடக்கையில் திருநீறு வாங்கப்போனால் ஐயர் தருவதை நிறுத்திப் பார்ப்பார். பேனாட்டுக்கு அது புரியவில்லை. எழுதுவதும் உண்பதும் வலக்கையில் பழகிவிட்டது, கண் மட்டும் பழகவில்லையாம். என் இடக் கண்ணால் பார்ப்பதற்காக, வலத்தோளில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இத்தனை காலமும் கழுத்தைத் திருகியிருக்கிறேன். அவர் இடக்கைக்காரருக்கான தன் மாதிரித் துப்பாக்கியைத் தந்தார். முதல் ஐந்து குண்டுகளை ஒரு நாணயத்தால் மூடலாம். நான் அழுதேன். பேனாட் அதை விற்பனை முடிந்த அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆக, நான் விலை கொடுக்கப்போவது இரும்புக்கல்ல, மரத்துக்கு. தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தும் அந்தக் கட்டைக்கு. அதை வெட்டினால் வெட்டினதுதான், திருப்பி விற்க முடியாது. என் உயரத்தில், என் கழுத்தோடு, இன்னொரு இடக்கைக்காரி வந்து கேட்க வேண்டும். நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிவைச் சொல்லாவிட்டால் என் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்.

வீட்டில் சொன்னேன். “உந்தக் காசுக்குத் தாலிக்கொடியை இன்னும் தடிப்பாச் செய்யலாமேடி! கல்யாணப் பொம்பிளை துவக்கு வாங்கிறாளாம், ஆரும் கேட்டாச் சிரிப்பினம்” என்றார் அம்மா. தியானம் போய்விட்டதுதான் அவருக்குப் பெரிய கவலை. பூரணி அன்ரிக்கு என்ன சொல்வது என்று இரண்டு முறை கேட்டார். அப்பா “குழல் எத்தினை இஞ்சு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு சிகரெட்டோடு கீழே இறங்கிப் போனார். அந்த அளவு அவருக்கு எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் உங்களிடம் கேட்க வேண்டும். ஜூலை பதினான்காம் திகதி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே வாணவேடிக்கை தொடங்கியது நினைவிருக்கிறதா? யன்னல் திறந்திருந்தது. “என்ன சத்தம்?” என்றீர்கள். தேசிய தினம், வாணம் விடுகிறார்கள் என்றேன். “ஓம், ஓம்” என்றீர்கள். பிறகு உங்கள் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. மறுநாள் சிக்னல் இல்லை என்றீர்கள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். 2009-இல் உங்களுக்குப் பதினான்கு வயது. அதற்கு மேல் நீங்கள் சொன்னதில்லை, நான் கேட்கவும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

பஜோல் தெருவில் நாங்கள் இருக்கப்போகிற வீட்டுக்கு இரண்டு அறைகள். துப்பாக்கியைச் சட்டப்படி இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். அந்தப் பெட்டி நிற்கக்கூடிய ஒரே இடம் படுக்கையறைச் சுவர். கழகத்தின் பாதுகாப்பு அறையிலும் வைக்கலாம், அதற்கு இடம் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் அங்கே ஒன்றை வைத்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் படுக்க என்னால் முடியாது.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். துப்பாக்கி இல்லாமல் என்னால் இருக்க முடியும். சனிக்கிழமை இல்லாமல் இருக்கச் சொல்லாதீர்கள், அது கொஞ்சம் கஷ்டம். தையில் கல்யாணம். அதற்கு முன் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்காக ஓம் சொல்லிவிடாதீர்கள், அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

என்றும் அன்புடன்,
கஜந்தினி

லா சப்பல்
09.11.2025

அன்புள்ள ஐங்கரனுக்கு,

நேற்று தொலைபேசியில் நான் சரியாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கதவோரம் நின்றார். அதனால் மறுபடி கடிதம்.

என் கடிதம் கிடைத்த அன்று, “சத்தம் எவ்வளவு?” என்று மட்டும் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். சிறிய குண்டு, காய்ந்த தடி முறிகிற மாதிரி என்று பதில் போட்டேன். “பதிஞ்சு அனுப்பும்” என்றீர்கள். எனக்கு மனமில்லை. கேட்டவர் நீங்கள் என்பதால் அனுப்பினேன். அதன் பிறகு உங்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அம்மா “சம்பந்தம் குழம்பீட்டுது, உன்ரை துவக்காலை குழம்பீட்டுது” என்று குசினியில் பாத்திரங்களோடு சண்டை பிடித்தார். பூரணி அன்ரி இருமுறை அழைத்து, இருமுறையும் சுகம் மட்டும் விசாரித்துவிட்டு வைத்தார். நான் பேனாட்டுக்கு மறுப்புக் கடிதம் எழுதிவைத்திருந்தேன். முத்திரை ஒட்டவில்லை.

நேற்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொள்ள விரும்புகிறேன். வீட்டில் வைத்துக் கேட்கப் பயமாக இருந்ததென்றும், வேலைக்குப் போய், குளத்து அணைக்கட்டில் உங்களோடு வேலை செய்கிற மத்தியூவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டதாகவும் சொன்னீர்கள். முதல் தரம் பாதியில் நிறுத்திவிட்டீர்களாம். மத்தியூ “உது பூனை தும்மின சத்தமடா” என்றாராம். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிறகுதான் சொன்னீர்கள்: “சத்தத்துக்குப் பிறகு நீர் சிரிச்சனீர். அதுக்காகத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான். துவக்குச் சத்தத்துக்குப் பிறகு ஆரும் சிரிச்சு நான் கேட்டதில்லை.”

நான் சிரித்ததே எனக்குத் தெரியாது. குண்டு மட்டையிலேயே படவில்லை, ஆனைஸ் ஏதோ நக்கல் அடித்தாள், அதற்காக இருக்கும். அனுப்பும்போது முழுதாகக் கேட்காமல் அனுப்பியிருக்கிறேன்.

“வாங்கும். ஆனா நான் வரேக்கை அது வீட்டிலை நிக்க வேண்டாம். எனக்குக் கொஞ்சக் காலம் தாரும்” என்றீர்கள். எவ்வளவு காலம் என்று நான் கேட்கமாட்டேன். பெட்டிக்குச் சுவரில் துளை போட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சுவரில் உங்கள் புத்தகங்களுக்குத் தட்டு வரும். கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. இன்று காலை பேனாட்டுக்கு மரத்தை வெட்டச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார். “எனக்கு அது எப்போதோ தெரியும்” என்று.

ஆனைஸ் இன்னமும் இது வீண் செலவு என்கிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சுட்டுப் பார்த்துத்தான் தெரியும், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அம்மா கோபத்தை மறந்து, கல்யாணத்துக்கு வரும் சனத்திடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறார். விளையாட்டு என்று சொல்லலாமாம். அப்பா ஒரு சனிக்கிழமை என்னோடு ஸ்தேன் வரை வருகிறேன் என்றார், வாசல் வரைதானாம்.

நீங்களும் வாசல் வரை வந்தால் போதும். வராவிட்டாலும் போதும். நான் முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

அந்த ஒலிப்பதிவை அழித்துவிடுங்கள். சிரிப்பை மட்டும் தனியாக அனுப்புகிறேன். எத்தனை தரம் வேண்டுமென்றாலும் கேளுங்கள். மழை நாட்களில் குளத்துக் கட்டில் கவனமாக நில்லுங்கள். இரவில் நன்றாக உறங்குங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கஜந்தினி