நிபந்தனையோடு செய்த ஜெபம்

செங்கற்பட்டு
15-7-1974

அன்புள்ள ரத்னபாய்க்கு,

1. பாளையங்கோட்டையைச் சேர்ந்தவனும், தற்சமயம் செங்கற்பட்டில் வழக்கறிஞராக இருப்பவனும், உன் கணவனுமாகிய வேதமாணிக்கம் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? மாமாவுக்கு இருமல் நின்றதா?

2. ஞாயிறுதோறும் நற்செய்தி சொல்லச் சபையார் சிலரும் நானும் கோவளம் குப்பத்துக்குப் போவதை அறிவாய். சென்ற வாரம் வேண்டா என்ற பெயருடைய மீனவப் பெண், பக்கவாதத்தில் கிடக்கும் தன் கணவன் எல்லப்பனுக்காக ஜெபிக்க என்னை அழைத்தாள். அவன் நெற்றியில் எண்ணெய் பூசி, "உமக்குச் சித்தமானால், உமது வேளையில், இவனைக் குணமாக்கும்" என்று ஜெபித்தேன்.

"இன்னா சார், கோர்ட்டுல பேசற மாதிரி பேசற? அவர் செய்வாரா, மாட்டாரா? உனக்கே தெரியலன்னா என்னாண்ட ஏன் சொல்லிகினு வர்ற?" என்றாள் வேண்டா.

எல்லப்பன் கோணிய வாயால் சிரித்தான். "வுடுமே, பாவம். சாருக்கு டீ குடு."

குடித்தேன். அவன் கை அசையவில்லை. நேற்றும் போய்ப் பார்த்தேன்; அசையவில்லை. பணிவினால் அப்படி ஜெபித்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். உண்மை அதுவன்று. கட்சிக்காரரைக் காப்பதுபோல, கர்த்தர்மேல் குறை வராதபடி முன்கூட்டியே அந்த நிபந்தனையைச் சேர்த்தேன். நடக்கும் என்று நான் நம்பவில்லை. இப்போதும் நம்ப முடியவில்லை. நீ கவலைப்படாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

3. கொஞ்சம் பனங்கற்கண்டு அனுப்பு. இங்கும் கிடைக்கும், ஆனாலும் நீ கட்டிய பொட்டலமாக இருக்கட்டும். எல்லப்பனுக்காக நீ ஜெபி. நிபந்தனை எதுவும் சேர்க்காதே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

(ஒப்பம்) யோ. வேதமாணிக்கம்

சாட்சிகள்: வேண்டா, எல்லப்பன். இருவரும் கையொப்பமிடவில்லை, நான் ஜெபித்ததைக் கேட்டவர்கள்.