இரண்டாவது முடி

ஆனதோத்தில் இருக்கும் என் அண்ணன், ஆசாரியர் செராயாவுக்கு, யூத்தாவிலிருந்து தங்கை திர்சாள் எழுதுவது. உங்களுக்கும் அண்ணிக்கும் கர்த்தர் சமாதானம் தரட்டும்.

இங்கே வாற்கோதுமை அறுப்பு முடிந்தது. கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. என் எழுத்து கோணலாய் இருப்பதைப் பார்த்து அண்ணி சிரிப்பாள், சிரிக்கட்டும். எழுத்தரிடம் சொல்லி எழுதக்கூடிய சேதி இல்லை இது. படிக்கும்போது பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அண்ணியையும்கூட.

என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, எருசலேம் ஆலயத்தில் ஆசாரிய ஊழியம் செய்கிற முறை இன்னும் பன்னிரண்டு நாளில் வருகிறது. பத்தொன்பது வருஷமாய்ப் போய் வருகிறார், தூபம் காட்டுகிற சீட்டு ஒரு தடவைகூட அவர் பேருக்கு விழவில்லை. அவருடைய வகுப்பில் இன்னும் தூபம் காட்டாதவர்கள் நாலே பேர்தான். அதனால் இந்தத் தடவை நிச்சயம் என்று குதிக்கிறார். தூபத்துக்குப் பதிலாக அகப்பையில் வாற்கோதுமையை நிரப்பிக்கொண்டு முற்றத்தில் நடந்து பழகுகிறார். "பாருடி திர்சா, ஒரு மணி சிந்துச்சா?" என்று கத்துகிறார். பக்கத்து வீட்டு மெசுல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "யோவ் எலியாசிப், உனக்குச் சீட்டு விழுறதுக்குள்ள தாடியே வெளுத்துடும்யா!" என்று சீண்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் உள்ளே போய்விட்டேன்.

அண்ணா, அவர் முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. இடது தோளுக்குக் கீழே, மொச்சைக்கொட்டை அளவு. அவர் கண்ணுக்கு எட்டாத இடம். எண்ணெய் தேய்க்கிற நான் மட்டும்தான் பார்த்தேன். போன மாதம் அதில் இரண்டு வெள்ளை முடி இருந்தது.

நீங்களும் அப்பாவும் இந்தக் குஷ்டத் திட்டைப் பற்றி வாதம் செய்ததை மாவரைத்துக்கொண்டே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஒரு வெள்ளை முடி என்றால் ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடி பார்ப்பது. இரண்டு என்றால் அந்த இடத்திலேயே தீட்டு என்று சொல்லிவிடுவது. இரண்டு என்று கண்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். "ஆ! என்னடி பண்ற?" என்றார். எறும்பு என்றேன். "எறும்புக்கும் ஆசாரியன் முதுகுதான் கேக்குதோ!" என்று சிரித்தார். பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

உங்களை வரவழைத்துக் காட்டினால் ஒரு முடிதானே இருக்கும், ஏழு நாள் அடைபட்டுவிட்டு முறைக்குள் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு! அப்புறம்தான் பயம் பிடித்தது. சீட்டு விழுந்தால் அவர் தனியாகக் கர்த்தர் சந்நிதிக்குள் போக வேண்டும். அவரைச் சுத்தம் என்று சொன்னது கர்த்தர் இல்லை, என் இரண்டு விரல். ஆரோனின் இரண்டு பிள்ளைகள் தகாத நெருப்போடு அங்கே போய் நின்று எரிந்து செத்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அடுப்பில் கொழுப்பு சொட்டிக் குபீரென்று எரிந்தால்கூடப் போட்டதைப் போட்டபடி விட்டு எழுந்துவிடுகிறேன். வெளியே அவர் அகப்பையோடு நடக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் தீட்டுக்காரராய்க் கிழிந்த உடுப்போடு ஊருக்கு வெளியே உட்காருவார். அந்த அகப்பையை இனித் தொட முடியாது. என்னை மன்னிப்பாரா, தெரியாது. ஆனால் தினமும் அப்பம் கொண்டுபோய்ப் பாறைமேல் வைக்கலாம். தூரத்தில் நின்று என்னைத் திட்டினாலும் அவர் குரல் காதில் விழும். எனக்கு அது போதும் அண்ணா.

பிடுங்கிய முடியை நான் எறியவில்லை. நீல நூலில் முடிந்து இந்தச் சுருளுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் என்றால் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆட்டுக்குட்டி பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வாருங்கள். மேகம் இல்லாத நாளில், நல்ல வெயிலில் பாருங்கள். பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் வாய் சொல்லும்வரை அவருக்குத் தீட்டு இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

இன்று காலை எண்ணெய் தேய்க்கும்போது, பிடுங்கிய இடத்தில் வெள்ளையாய் ஒரு முனை தெரிந்தது. என் விரல் அதுவரை போய்விட்டது. "என்னடி, மறுபடியும் எறும்பா?" என்று கேட்டார். கையை எடுத்துக்கொண்டேன். நாளைக்கும் எடுப்பேனா, சத்தியமாய்த் தெரியவில்லை.

நீங்கள் வந்து சேரும்வரை கர்த்தர் உங்கள் கால்களையும் என் கையையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
திர்சாள்