முன்வரிசையில் ஒரு கை

பெஹாலா, கொல்கத்தா

அன்புள்ள அமலாவுக்கு,

நானும் என் தொண்டையும் சௌக்கியம். ஊரில் உன் முழங்கால் வலி தேவலையா? யாருமே நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

இங்கே பூஜைப் பந்தலில் பாடினேன். பல்லவி எடுத்ததும் ஹூக்ளி நதி நின்று கேட்டது. என்றைக்கோ நிறுத்திவிட்ட பெஹாலா டிராம்கூடக் கிளம்பி வந்தது. அடுத்து எங்கள் ஆபீஸ் கோவிந்தராஜன் பாட மேடை ஏறினான். போன வருஷம் தவளையாய்க் கத்தியவன், இந்தத் தடவை ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை. முன்வரிசையில் அவன் மனைவி. துர்க்கைக்குப் பத்துக் கை என்றால் இவளுக்கு இருபது. அத்தனையாலும் தாளம் போட்டாள். கைதட்டலில் பந்தல் ஆடியது. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன சார், உங்க தாளம் முன்னாடியே ரயிலேறிடுச்சு போல?" என்றான் இறங்கி வந்து.

"அது என் பாணிடா" என்றேன்.

பனங்கற்கண்டு அனுப்பு. சாயங்காலம் காய் நறுக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொள். நான் பாடுகிறேன், தப்பினால் வழக்கம்போல் பலகையில் தட்டு. பொங்கல் விழாவிலும் பாடச் சொல்லியிருக்கிறார்கள். பனங்கற்கண்டை நீயே கொண்டுவந்தால் தபால் செலவு மிச்சம்.

ஆபீஸுக்கு நேரமாகிறது. நதியும் டிராமும் புளுகு. கோவிந்தராஜன் மனைவிக்கு இருபது கையும் இல்லை, தாளம் போட்டது ஒரு கைதான். ஆனால் அவள் அங்கே உட்கார்ந்திருந்தது நிஜம்.

உன் கணவன்,
மஹாதேவன்