தகட்டில் இருந்த ரேகை

லேபில் அசிட்டோன் பாட்டிலைத் திறந்தாலே நீ வந்து நிற்கிறாய். இன்று காலையும் அப்படித்தான். திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன். பக்கத்தில் உன் ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

மற்றவர்கள் அணுவில் ஒரு எலக்ட்ரானைத் தூரத் தள்ளிவிட்டுப் படிப்பார்கள். நமக்கு இரண்டு வேண்டும். ஸ்ட்ரான்சியம் அணுவின் மேல் லேசர்களைப் பாய்ச்சி, இரண்டையும் கருவிலிருந்து வெகுதூரம் ஏற்றிவிட்டால், ஒன்றை விட்டுவிட்டு மற்றதன் போக்கைக் கணக்கிடவே முடியாது. அதை நீ பொத்தேரி டீக்கடையில் சொன்ன அழகு இருக்கிறதே! "ஒரே நங்கூரத்துல ரெண்டு படகக் கட்டிப் பாரு மச்சான். இது ஆடுனா அது சும்மா இருக்குமா? அவ்ளோதான் மேட்டரு." மாமல்லபுரத்துக் குப்பத்துக்காரன் வேறெப்படிச் சொல்வாய்!

ஆனால் நம் கருவியில், இரண்டும் சேர்ந்து ஆடுவதைக் காட்டும் அந்தச் சமிக்ஞை தெளிவாக வரவேயில்லை. எப்போதும் இரைச்சல். அணுக்களை வைக்கும் கலத்துக்குள் வெற்றிடம் போதவில்லை, எங்கோ கசிகிறது என்று போல்ட் போல்ட்டாகத் தேடினோம். "வரும்டா, வராம எங்க போயிடப் போவுது?" என்பாய். அதற்குள் ஈசிஆரில் உன் பைக் மேல் ஒரு லாரி. பாவி, அன்றைக்காவது பஸ்ஸில் போயிருக்கக் கூடாதா?

அதன்பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. போன மாதம்தான் கலத்தைத் திறந்தேன். கசிவு எங்கேயும் இல்லை. உள்ளே, அயனிகளைச் சேர்க்கும் தகட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, சூட்டில் பழுப்பேறி இருந்தது. கையுறை போடாமல் தொடுகிற அவசரக்காரன் நம்மில் நீ ஒருவன்தான். அந்த விரலின் எண்ணெய்ப்பசைதான் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

துடைக்கக் கை வரவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய், மீன் விற்றுக்கொண்டிருந்த உன் அக்காவிடம் காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் ஒற்றிவிட்டு, போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவனுதுதான். வூட்டு செவுரு பூரா இப்டித்தான் வெச்சிட்டுப் போயிக்கீறான்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது இருந்தா உங்க வேல நடக்காதா தம்பி?"

"நடக்காதுக்கா."

"அப்ப தொடச்சிடு. அதுக்குத்தான அவன் காத்துகினு இருந்தான்."

துடைத்தேன். கலத்தை மூடி, சூடேற்றி, காத்திருந்தேன். இன்று மதியம் திரையில் அந்தச் சமிக்ஞை நிமிர்ந்து நின்றதடா. இரைச்சலே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே இனி நீ இல்லை, அதனால்தான் வந்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? உன்னைத் துடைத்த துணியைக் குப்பையில் போடவில்லை. என் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.