வரிசையில் நின்று வைத்த எண்ணெய்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்து, வயரிங் வேலையும் தொடங்கிவிட்டேன். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா?

விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். நீ காய்ச்சிக் கொடுத்த தலை எண்ணெயில் கை வைத்ததும்தான் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"நூறு மில்லிக்கு மேல விடமாட்டோம்ண்ணே. தொட்டியில போட்டுடுங்க," என்றாள், பையைச் சோதித்த பெண்.

"பாதிதானேம்மா இருக்கு?"

"பாட்டில் சைஸ்தாண்ணே கணக்கு."

நீ இரண்டு நாள் அடுப்படியில் வெந்து காய்ச்சியதைக் குப்பையில் போடுவேனா? அங்கேயே மூடியைத் திறந்து தலையில் ஊற்றித் தேய்த்தேன். பின்னால் நின்ற பெரியவர் உள்ளங்கையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து தம்பி, வாசனை ஆளத் தூக்குது."

அப்புறம் இன்னும் மூன்று பேர் நீட்டினார்கள். பாட்டில் காலி! அந்தப் பெண் திட்டவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, நெற்றியில் வழிந்ததைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். நன்றாக இருக்கட்டும்.

இங்கே எங்கள் மேஸ்திரியின் மச்சான் அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறார். மறுபடி காய்ச்சினால், கைப்பையில் வேண்டாம், விமானத்தில் ஏற்றுகிற பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லி அவரிடம் கொடு. மாற்றுத் தலையணை உறை ஒன்றும் வை.

வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். இருக்கிற உறையை மூன்று வாரமாகத் துவைக்கவில்லை, திட்டாதே. வந்த அன்று அந்த எண்ணெய்த் தலையோடு படுத்தது. வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.